கிராகோவ் மரியன்னை ஆலயத்தில் ஒரு நண்பகல்

போலந்தில் கிராகோவ் பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் சந்தைச் சதுக்கத்தில் ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் இரண்டு கோபுரங்கள் நிற்பதைப் பார்க்காமல் வரமுடியாது. அதுதான் புனித மரியன்னை பசிலிக்கா, 14ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோவில். உள்ளே நீல விதானம் முழுக்கப் பொன் நட்சத்திரங்கள். சுவரில் ஓர் அங்குலம்கூட விடாமல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், அது 19ஆம் நூற்றாண்டு வேலை, எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

ஆனால் பீடம்! கதவுகள் மூடியிருக்கும்போது மாதா, இயேசு வாழ்க்கைக் காட்சிகள் 12 பலகைகளில். 11:50க்கு ஒரு கன்னியாஸ்திரி வந்து நீண்ட கோலால் கதவுகளைத் திறந்தார். ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை லிண்டன் மரத்தில் செதுக்கிய பீடம் இது. நடுவில் இருக்கும் உருவங்கள் ஆளைவிடப் பெரியவை. நாம் பழகிய மாதா கையில் குழந்தையோடு, பட்டுச்சேலை உடுத்தி, கம்பீரமாக நிற்பவர். இங்கே உயிர் பிரியும் வேளையில் முழங்கால் மடிந்து சரிகிறார், ஒரு சீடர் தாங்கிப் பிடிக்கிறார், அவருக்கு மேலே இன்னொருவர் விரல்களைப் பின்னிக் கையைப் பிசைகிறார். அந்தக் கைகளில் நரம்பு புடைத்திருப்பதுவரை தெரிகிறது. மாதா விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கொண்டாடும் விண்ணேற்பு விழா என்றால் எனக்கு ஆகஸ்ட் 15, கொடியேற்றம், பூசை, மிட்டாய், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இப்படி ஒரு பிரிவு உண்டென்று யோசித்ததே இல்லை. சிறுவயதிலிருந்து ஜெபமாலையில் வாய் தானாகச் சொல்லும் "எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும்" என்ற வரியை அன்றுதான் நிறுத்தி, மெதுவாகச் சொன்னேன். அம்மா போன பிறகு எனக்கு ஜெபமாலை சரியாக ஓடவில்லை, அன்று ஓடியது.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் இந்தப் பீடத்தை ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நூரெம்பர்க் கோட்டையின் நிலவறையில் கிடந்தது 1946இல் போலந்துக்குத் திரும்பியது, கோவிலுக்குள் மறுபடி வைக்க 1957 ஆகிவிட்டது.

12 மணிக்கு உயரமான கோபுரத்திலிருந்து எக்காள இசை, நாலு திசைக்கும் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் பாதியில் அறுந்துபோகும். தாத்தார் படை வருவதைக் கண்டு ஊதிய காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாக ஊரில் கதை.

போகிறவர்களுக்கு ஒன்று: ஜெபிக்க மட்டும் என்றால் முன்வாசல் வழியாக இலவசம், ஆனால் பின்பகுதியோடு சரி. பீடத்தின் அருகே போக டிக்கெட் எடுத்துப் பக்கவாசலில் நுழையவேண்டும். 11:30க்கே உள்ளே போய்விடுங்கள், அப்புறம் முன்னால் நிற்பவர்களின் போன்தான் தெரியும்.