அணியத்தில் ஓர் உருளை: நங்கூரத்தின் பாரம் எங்கே இறங்குகிறது?

மேரிலாந்து மாநிலத்தின் அனாபலிஸ் நகருக்குத் தெற்கே உள்ள ரோட் ஆற்றில் படகிலேயே இரவு தங்க விரும்புகிறவர் நங்கூரத்தை நம்பித்தான் கண்ணயர வேண்டும். செசபீக் விரிகுடாவின் சராசரி ஆழமே ஏறத்தாழ 21 அடிதான். அதில் வந்து சேரும் ஓடைகளில் அது எட்டு, பத்து அடியாகக் குறைந்துவிடும். அடியில் பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறச் சேறு. நங்கூரம் அதில் ஆழப் புதைந்து நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் காலையில் அதைக் கிளப்பும்போது சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் அந்தச் சேறு ஒட்டிக்கொண்டு வரும். படகின் முன்முனையான அணியத்தின் விளிம்பில் சங்கிலி உரசி உரசி ஃபைபர் கிளாஸின் மேல்பூச்சு பெயர்ந்துபோகும். எண்பதுகளில் கட்டப்பட்ட என்னுடைய 25 அடிப் பாய்மரப் படகில், சங்கிலி உரசாமல் உருண்டு வருவதற்காக எஃகுச் சட்டத்தில் அமைக்கும் நங்கூர உருளை கிடையாது. சென்ற வசந்த காலத்தில் நானே ஒன்றைப் பொருத்தினேன். இந்த வேலையில் கண்ணுக்குத் தெரியும் எஃகுச் சட்டத்தைவிட, மேல்தளத்துக்கு அடியில் மறைந்திருப்பதே முக்கியம் என்பது என் கருத்து.

பழைய சிறு படகுகளில் உருளை இல்லாததற்குக் காரணம் உண்டு. அவற்றில் பெரும்பாலும் டான்ஃபோர்த் வகை நங்கூரமே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் துருப்புகளைக் கரையிறக்கும் படகுகளில் பயன்பட்ட அந்த வகை, தட்டையாக மடங்கிக் கொள்ளும். அதைச் சிறிய பெட்டிக்குள் வைக்கலாம், அணியத்துக் கம்பி வேலியான புல்பிட்டில் தொங்கவும் விடலாம். ஏர்க்கொழு வடிவ நங்கூரம் அப்படி மடங்காது. அவ்வடிவத்தின் முன்னோடியான சி.க்யூ.ஆர். நங்கூரத்தை 1933ஆம் ஆண்டில் வடிவமைத்தவர், பாய்ம இயக்கவியலில் பெரும் பெயர் பெற்ற கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர். அவரும் பாய்மரப் படகோட்டிதான். பின்னாளில் வந்த டெல்டா, ரொக்னா போன்றவையும் மடங்காதவையே. காற்று திசை மாறினாலும் திரும்பப் புதைந்துகொள்ளும் இவற்றின் குணம் வேண்டுமானால், இவற்றுக்கான இருப்பிடத்தை அணியத்திலேயே அமைத்தாக வேண்டும்.

சட்டத்தை வாங்குவதற்கு முன் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அமெரிக்கப் படகுத் துறையின் தரநிலைகளை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பின் அட்டவணைப்படி, 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகக் காற்றில் 25 அடிப் படகு ஒன்று, சங்கிலியோடு இணைந்த நங்கூரக் கயிற்றை இழுக்கும் விசை 490 பவுண்டு, அதாவது சுமார் 222 கிலோ. ஆழத்தைப் போல் ஏழு மடங்கு கயிறு விட்டிருந்தால், அந்த விசையில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 32 கிலோ அளவே உருளையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. இது பெரிய பாரமே அல்ல. பாரம் வருவது நங்கூரத்தைக் கிளப்பும்போதுதான். சேற்றில் இறுகிவிட்ட நங்கூரத்தின் நேர் மேலே படகைக் கொண்டுவந்து, கயிற்றைச் செங்குத்தாக இறுக்கி, மேல்தளத்தில் கயிறு கட்டும் பிடியான க்ளீட்டில் கட்டிவிட்டு, அடுத்த அலை அணியத்தைத் தூக்கும்போது நங்கூரம் தானாகப் பிடி விடட்டும் என்று காத்திருப்பது எல்லோருக்கும் பழகிய முறை. அந்தக் கணத்தில் கயிற்றின் இழுவிசை முழுவதும் உருளையின் மீது கீழ்நோக்கி இறங்குகிறது. அதே அளவு விசை பின்னோக்கியும் தள்ளுகிறது.

உருளை படகின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால், அந்தச் சட்டம் ஒரு கடப்பாரை போல வேலை செய்கிறது. முனை கீழே போகப் பார்க்கும். அணியத்தின் விளிம்பு தாங்குபுள்ளியாகும். பின்பக்கத்துப் போல்ட்டுகள் மேல்நோக்கிப் பிடுங்கப்படும். உருளையின் அச்சு விளிம்புக்கு 20 சென்டிமீட்டர் வெளியே இருந்து, பின் போல்ட்டுகள் விளிம்புக்கு 20 சென்டிமீட்டர் உள்ளே இருந்தால், கயிற்றில் உள்ள விசை அப்படியே பின் போல்ட்டுகளைத் தூக்கும். அவை 10 சென்டிமீட்டரே உள்ளே இருந்தால், அது இரு மடங்காகும். கடைகளில் விற்கும் சில குட்டையான சட்டங்கள் பார்க்க அழகாக இருந்தும் அவற்றை நான் தவிர்த்ததற்கு இதுவே காரணம். என் சட்டம் மேல்தளத்தின் மீது 30 சென்டிமீட்டருக்கு மேல் படிந்திருக்கிறது.

இடத்தைத் தேர்வது எளிதாக இல்லை. அணியத்தின் நட்ட நடுவில் பாய்மரத்தை முன்னிருந்து இழுத்துப் பிடிக்கும் ஃபோர்ஸ்டே கம்பியின் உலோகப் பிடி இருக்கிறது. அதன் போல்ட்டுகளைக் கழற்றினால், பாய்மரம் பின்னால் சாய்வதற்கு வழி செய்தவர்களாவோம். ஆகவே உருளையை நடுவிலிருந்து ஒரு கையளவு வலப்பக்கம் தள்ளி வைத்தேன். அதற்கு முன் மரப்பலகையில் ஒரு மாதிரி வெட்டி, அதில் உண்மையான நங்கூரத்தையே கிடத்தி, அதன் தண்டு முன்பாய் சுற்றும் உருளையில் இடிக்கிறதா, சேற்றில் புதையும் அலகு படகின் நெற்றியில் முட்டுகிறதா, புல்பிட்டின் காலுக்குள் நுழைந்து வெளிவருகிறதா என்று முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். விளிம்பில் சற்றே உயர்ந்திருக்கும் வரம்பைச் சட்டம் தாண்ட வேண்டியிருந்ததால், அடியில் தேக்குக் கட்டை ஒன்றைச் சரிவாகச் சீவி வைக்க நேர்ந்தது. பாலிஎத்திலீன் பலகை மலிவானது, அழுகாது. ஆனாலும் தொடர் அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி இளகும் என்பதால் இந்த இடத்துக்கு ஆகாது.

துளையிடும் வேலையில்தான் படகின் ஆயுள் இருக்கிறது. பல ஃபைபர் கிளாஸ் படகுகளின் மேல்தளம் இரண்டு மெல்லிய ஓடுகளும் அவற்றுக்கு நடுவே பால்சா மரமும் கொண்டது. எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருப்பதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். ஆனால் ஒரு போல்ட்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்தால் பால்சா ஊறி, சில ஆண்டுகளில் கூழாகிவிடும். துளையிடும்போது துரப்பணத்தின் புரியில் ஏறிவரும் தூளைப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். வெளிறிய சந்தன நிறத்தில் உலர்ந்து உதிர்ந்தால் மரம் நலமாக இருக்கிறது. காப்பித் தூள் நிறத்தில் ஈரமாக, புளித்த வாடையோடு புரியில் அப்பிக்கொண்டால் மேலோட்டைத் திறந்து மரத்தை மாற்றாமல் மேற்கொண்டு போகக் கூடாது. எனக்கு வந்தது உலர்ந்த தூள்.

8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 15 மில்லிமீட்டர் துளையை, கீழ் ஓட்டைத் தொடாமல் மேல் ஓடும் பால்சாவும் போகும் அளவுக்கு இட்டேன். முதலில் கலப்பில்லாத எப்பாக்ஸி பிசினை ஊற்றி, மரம் உறிஞ்சும் வரை விட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பினேன். அது இறுகியபின் அதன் நடுவில் போல்ட்டின் சரியான அளவுக்குத் துளையிட்டால், போல்ட்டைச் சுற்றி மரத்துக்குப் பதில் ஒரு பிசின் குழாய் நிற்கிறது. நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது, நட்டை முறுக்கினாலும் ஓடுகள் நசுங்காது. ஏப்ரல் மாதக் குளிரில் எப்பாக்ஸி இறுகுவதற்கு நேரம் பிடிக்கும்; அவசரக்காரர்கள் ஜூன் வரை பொறுப்பது நல்லது.

கீழே வாஷர் மட்டும் போட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. பின் போல்ட்டு மேலே இழுக்கப்படும்போது மெல்லிய வாஷர் கிண்ணமாக வளைந்து ஓட்டுக்குள் புகுந்துவிடும். ஜி-10 எனப்படும் கண்ணாடியிழைத் தகட்டில் 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே துண்டை வெட்டி, எல்லாப் போல்ட்டுகளும் அதன் வழியாகவே இறங்கும்படி செய்தேன். மேல்தளத்தின் அடிப்பக்கம் கரடுமுரடானது என்பதால், தகட்டுக்கும் அதற்கும் இடையே கெட்டி எப்பாக்ஸியைப் பூசினால்தான் பாரம் பரவலாக இறங்கும். அலுமினியத் தகடு மலிவுதான். ஆனால் உப்புக் காற்றில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும்.

நீர் புகாமல் அடைக்க, பியூட்டைல் டேப் என்னும் மென்மையான ரப்பர் நாடாவைப் பயன்படுத்தினேன். துளைகளின் மேல்வாயைச் சற்றே அகலமாகச் சரித்து வைத்தால், அந்தக் குழியில் டேப் வளையம்போல் அமர்ந்து போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். மேலே போல்ட்டின் தலையை நான் அசையாமல் பிடித்துக்கொள்ள, என் மனைவி அணியத்து அறைக்குள் மல்லாந்து படுத்து நட்டை மட்டும் முறுக்கினார். போல்ட் சுழன்றால் அடைப்பு அறுந்துவிடும். பியூட்டைல் மெதுவாகப் பிதுங்குவது என்பதால், ஒரே மூச்சில் இறுக்காமல் நாள்விட்டு நாள் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கழற்றவே முடியாதபடி ஒட்டும் பாலியூரிதேன் பசைகளை இங்கே பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. உருளையை ஒருநாள் கழற்ற வேண்டி வரும்; அப்போது ஓடும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

உருளை கயிற்றுக்கு வழிகாட்டுவது மட்டுமே. கயிற்றைத் தாங்குவது க்ளீட்டின் வேலை. ஆகவே உருளையிலிருந்து க்ளீட்டுக்குக் கயிறு நேர்கோட்டில் போக வேண்டும், க்ளீட்டின் அடியிலும் அதே போன்ற தகடு வேண்டும். நங்கூரத்தில் நிற்கும் படகு ஒரே திசையில் நிற்பதில்லை; காற்றில் இடமும் வலமும் ஊசலாடும்போது நைலான் கயிறு நீண்டு சுருங்கியபடி சட்டத்தின் பக்கத் தகட்டில் அறுபடும். அந்தத் தகடுகளின் விளிம்பு வெளிப்புறமாக விரிந்து மழுங்கியிருக்க வேண்டும். கயிற்றின் நீளத்தைக் கணக்கிடும்போதும் உருளையின் உயரத்தைச் சேர்க்க வேண்டும்: ஆழம் 2.5 மீட்டர், உருளை நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் என்றால், ஏழு மடங்கு என்பது 24.5 மீட்டரே தவிர 17.5 மீட்டர் அல்ல.

இப்போது 10 கிலோ நங்கூரமும் ஏறக்குறைய 9 கிலோ சங்கிலியும் அணியத்தில் நிரந்தரமாக அமர்ந்திருப்பதால், படகின் மூக்கு சற்றுத் தாழ்ந்திருக்கிறது. குடிநீர்க் கேன்களைப் பின்பக்கம் நகர்த்திச் சமன் செய்திருக்கிறேன். படகுத்துறையில் வேறொரு கணக்கு வந்தது. நங்கூரத்தோடு சேர்த்து அளந்தால் படகின் நீளம் கூடுகிறது. பல துறைகளில் வாடகை அந்த நீளத்துக்குத்தான். அலகு நடைபாதைக்கு மேல் நீட்டினால் நடப்பவர்களின் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதால், நான் இப்போது படகைப் பின்பக்கமாகத்தான் துறைக்குள் நுழைக்கிறேன்.