கட்டை அவிழ்த்தாயிற்றா?

கேனுலா, அதாவது நரம்புக்குள் மருந்து ஏற்றும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், போட்டாயிற்று, பிளாஸ்டர் ஒட்டியாயிற்று, டிரிப்பையும் இணைத்துத் திறந்துவிட்டாயிற்று. ஆனால் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. வார்டில் வேலை செய்பவர்கள் இந்த நேரத்தில் முதலில் பார்ப்பது நோயாளியின் சட்டைக் கைக்குள்தான். நரம்பு புடைப்பதற்காகக் கட்டிய ரப்பர் பட்டை, டூர்னிக்கெட், அங்கே அப்படியே இருக்கும். டிரிப் இணைத்திருந்தால் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். கேனுலாவை மட்டும் போட்டு மூடிவிட்டு, அதன்மேல் போர்வையும் இழுத்துவிட்டால், மயக்கத்தில் இருப்பவர் கை மரத்துப்போகிறது என்று வாய் திறந்து சொல்லவும் முடியாது.

இதைக் கவனக்குறைவு என்று எழுதி மெமோ கொடுப்பது வழக்கம். நினைவு வேலை செய்யும் விதத்தை அறிந்தவர்கள் அப்படி எழுதத் தயங்குவார்கள். ஒரு காரியத்தின் முக்கிய நோக்கம் நிறைவேறிய கணத்தில், அதற்காக மனம் பிடித்து வைத்திருந்த சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் கைநழுவிவிடுகின்றன. நரம்பு கிடைப்பதுதான் இங்கே நோக்கம். கட்டை அவிழ்ப்பது அதற்குப் பிறகு வரும் வேலை. நகல் எடுத்துக்கொண்டு அசலை இயந்திரத்திலேயே விட்டுவருவதும் இதே மறதிதான். பணத்தை முதலில் கொடுத்த ஏ.டி.எம். இயந்திரங்களில் மக்கள் அட்டையை விட்டுச் சென்றார்கள். பிறகு அட்டையை எடுத்தால்தான் பணம் வரும்படி வரிசையை மாற்றினார்கள். மனிதர்கள் மாறவில்லை, வரிசைதான் மாறியது.

கேனுலாவிலும் சரியான வரிசை இருக்கிறது. ரத்தம் தெரிந்து பிளாஸ்டிக் குழாய் உள்ளே போனதும், ஊசியை உருவுவதற்கு முன்பே கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் உருவினால் ரத்தம் பீறிட்டுப் படுக்கையை நனைக்கும். அந்த நனைவே ஒரு நினைவூட்டல். ரத்தம் எடுக்கும்போதும் 1 நிமிடத்துக்கு மேல் கட்டு இருக்கக் கூடாது. இருந்தால் பரிசோதனை முடிவுகளே மாறிவிடும். இதோடு இன்னொரு பழக்கமும் உதவும். டிரேயில் ஒரே ஒரு டூர்னிக்கெட், அதற்கென்று ஓர் இடம். டிரேயை எடுத்துக்கொண்டு நகரும்போது அந்த இடம் காலியாக இருந்தால் பட்டை யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மறதி புதிதாக வந்த மாணவிகளைவிட பத்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு அதிகம் நேர்ந்தாலும் வியப்பில்லை. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்பைக் குறைக்க மூளையில் அறுவை செய்து, இருபுறமும், புதிய நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் நடந்த எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முன்பு வரைந்த நினைவு மட்டும் அவருக்கு இல்லவே இல்லை. கைப்பழக்கத்தின் நினைவும் நடந்ததன் நினைவும் மூளையில் வேறு வேறு என்பது இதிலிருந்து தெளிவானது. மாணவி ஒவ்வொரு படியையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே செய்கிறார். ஆயிரமாவது கேனுலா போடும் சிஸ்டருக்குக் கையே செய்து முடித்துவிடுகிறது. செய்தோமா என்று பிறகு கேட்டால் மனத்தில் பதிவு இருக்காது. அனுபவம் தரும் வேகத்துக்குக் கொடுக்கும் விலை அது.

கட்டில் கட்டிலாக மருந்து கொடுத்துவரும் மருந்துச் சுற்றில் இது இன்னும் ஆபத்தானது. 12-ஆம் கட்டிலுக்கு அந்த ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்தது போலத் தெளிவாக நினைவிருக்கும். அது நேற்றுக் கொடுத்ததன் நினைவாக இருக்கலாம். கொடுக்க வேண்டும் என்று சற்று முன் நினைத்ததன் நினைவாகவும் இருக்கலாம். ஒரே கட்டில், ஒரே மாத்திரை, ஒரே நேரம் என்று தினமும் நடப்பவை ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. எதை எப்போது செய்தோம் என்ற குறிப்பை மனம் தனியாக எழுதி வைப்பதில்லை. ஆகவே நோயாளி விழுங்கியதைப் பார்த்ததும் அங்கேயே, அந்தக் கட்டிலருகிலேயே கையெழுத்திட வேண்டும். முன்கூட்டியே போட்டால் கொடுக்காத மருந்து கொடுத்ததாகிவிடும். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மொத்தமாகப் போட்டால், விட்டுப்போன ஒன்றுக்கும் கை தானாகக் கையெழுத்திட்டுவிடும்.

குறுக்கீடுதான் எல்லாவற்றிலும் கொடியது. 1959-ல் உளவியலாளர்களான பீட்டர்சன் தம்பதியர் செய்த சோதனை எளிமையானது. மூன்று எழுத்துகளைச் சொல்லி, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். 18 விநாடிகளுக்குள் அந்த மூன்று எழுத்துகளில் பெரும்பாலானவை மறந்துபோயின. வார்டில் 18 விநாடி என்பது ஒரு போன் அழைப்பை எடுத்து வைக்கும் நேரம். சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர் மருந்து கொடுப்பதைக் கூர்ந்து கவனித்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டோடும் தவறுகள் சுமார் 12 சதவீதம் கூடியது தெரிந்தது.

மருந்து கலக்கும்போது யாராவது கூப்பிட்டால் இரண்டே வழிகள்தான் உண்டு. அந்த ஒரு நோயாளியின் மருந்தை முடித்துவிட்டுத் திரும்பலாம். இல்லையென்றால், திரும்பி வந்து மருந்துச் சார்ட்டை முதல் வரியிலிருந்து மறுபடி படித்துத் தொடங்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடரவே கூடாது, ஏனென்றால் விட்ட இடம் என்று மனம் காட்டுவது பெரும்பாலும் ஊகம். ஏற்றி வைத்த சிரிஞ்சில் லேபிள் இல்லையென்றால், அது நம் கையாலேயே ஏற்றியதாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். மருந்து கலக்கும் வாட்டர் ஃபார் இன்ஜெக்‌ஷன், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், பொட்டாசியம் குளோரைடு எல்லாம் சிரிஞ்சுக்குள் ஒரே தண்ணீர் நிறம். 10 மி.லி. பொட்டாசியம் குப்பியில் (ஆம்பூல்) 20 மில்லிஈக்விவலண்ட் அளவு பொட்டாசியம் இருக்கிறது. கலக்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதைச் சாதாரண மருந்து அலமாரியில் வைக்காமல் தனியாகப் பூட்டி வைக்கச் சொல்வது இதனால்தான்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே சமயத்தில் மனம் தாங்குவது சுமார் 4 உருப்படிகள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கவன் 2001-ல் கணக்கிட்டார். நாலு பேருக்கு பி.பி. பார்த்துவிட்டு நர்ஸிங் ஸ்டேஷனுக்கு வந்து எழுதினால் 138/86-ம் 136/88-ம் கட்டில் மாறி உட்கார்ந்துகொள்ளும். உள்ளங்கையில் எழுதினால் அடுத்த சானிடைசரில் அழிந்துபோகும். கட்டிலருகிலேயே சார்ட்டில் எழுதுவது ஒன்றே வழி.

"இதோ வர்றேம்மா" என்று நாம் சொல்லும் வாக்குறுதிகள் வேறொரு வகை நினைவைச் சேர்ந்தவை. இனிமேல் செய்ய வேண்டியதை நினைவில் வைப்பது அது. பாட்டில் தீர்ந்தால் மாற்றுவது போல எதிரே ஒரு சங்கேதம் இருந்தால் நினைவு வரும். நாலரை மணிக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதற்கு எதிரே எதுவுமே இல்லை, கடிகாரம் கூப்பிடாது. அதற்கு அலாரம் வைக்க வேண்டும். உறவினர்களிடம் "பத்து நிமிஷத்துல நான் வரலைன்னா மறுபடி கூப்பிடுங்கம்மா" என்று சொல்லும் சிஸ்டர்களை மிகவும் மதிக்கத் தோன்றுகிறது. இரண்டாவது முறை கூப்பிடத் தயங்கி, வலியோடு காத்திருக்கும் எத்தனையோ பேருக்கு அந்த ஒரு வாக்கியம் அனுமதி கொடுத்துவிடுகிறது.

தவறு நடந்துவிட்டால் விசாரிக்கும் முறையையும் யோசிக்க வேண்டும். 1974-ல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டி, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்றும் சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் வேகத்தைக் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியையும் பார்த்ததாக, மற்றவர்களைவிட அவர்களில் அதிகம் பேர் சொன்னார்கள். "ஏன் இரண்டு தடவை கொடுத்தீர்கள்?" என்று தொடங்கும் விசாரணை, இரண்டு தடவை கொடுத்த நினைவை உருவாக்கிவிடக் கூடும். சம்பந்தப்பட்டவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன், தனித்தனியாக, அந்த ட்யூட்டி முடிவதற்குள் எழுதித் தர வேண்டும். கேள்வி "என்ன நடந்தது?" என்று மட்டும் இருக்கட்டும்.

நைட் ட்யூட்டி முடிந்து ஒப்படைக்கும் காலைதான் நினைவு மிகவும் தளர்ந்திருக்கும் நேரம். மேசையில் உட்கார்ந்து மனப்பாடமாக ஒப்பிக்காமல், சார்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போக வேண்டும். வாங்கிக்கொள்பவர் கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். "செல்விதானே?" என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் எவரும் ஆமாம் என்பார்கள், "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, கைப்பட்டையையும் பார்க்க வேண்டும். டிரிப் பாட்டிலில் அளவைக் குறித்து, கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையைப் பார்த்து, கடைசியாகப் போர்வையை விலக்கி, இரண்டு கைகளையும் தோள்வரை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகரலாம்.