தரைக்கு எந்த மரம்?

செப்டம்பர் 6, 2025, சனி

ஹாலிலும் சாப்பாட்டு அறையிலும் கிடக்கும் பழைய கார்ப்பெட்டை எடுத்துவிட்டு மரத்தரை போடப்போகிறோம். வினைலும் லேமினேட்டும் வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எந்த மரம் என்பதில்தான் பேச்சு நீள்கிறது. இன்று இங்கே கனடாவில், எங்கள் பிராம்டனிலேயே ஒரு கடைக்குப் போய் மாதிரிப் பலகைகள் வாங்கி வந்தோம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஜாங்கா எண் ஒட்டியிருக்கிறது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதி புதையும் அளவுக்கு அழுத்த எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்ற கணக்கு அது. காப்ரியேல் ஜாங்கா என்ற ஆஸ்திரியர் 1906-ல் கொண்டுவந்த முறை. வால்நட் 1010, சிவப்பு ஓக் 1290, ஆஷ் 1320, வெள்ளை ஓக் 1360, மேப்பிள் 1450, ஹிக்கரி 1820.

ஆஷ் பலகையைக் கையில் எடுத்தபோது வருத்தமாக இருந்தது. 2002-ல் டெட்ராய்ட், விண்ட்சர் பக்கம் கண்டுபிடித்த பச்சை வண்டு ஒன்டாரியோவின் ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டது. எவ்வளவு அழகான ரேகை அதற்கு!

கணவருக்கு ஹிக்கரி. அதுதான் எல்லாவற்றிலும் கெட்டி என்கிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

திருச்சியிலிருந்து மாமா பேசினார். மரவாடி வைத்திருந்தவர், மரம் என்றால் பேச்சு நிற்காது. எண்களை வாசித்துக் காட்டினேன். "தேக்கு எவ்வளவும்மா?" என்றார். தேக்கு 1070-க்குப் பக்கத்தில்தான் வரும், ஓக்கைவிடக் குறைவு. அவருக்கு ஆச்சரியமே இல்லை. "கெட்டின்னா தேக்கு வாங்குறாங்க? அது திருகாது, செல் அரிக்காது. அதுக்குத்தாம்மா அந்த விலை. கதவு மழைக்காலத்துல பிடிக்காம இருக்கணும்ல?" என்றவர், அடுத்துக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "உங்க ஊர்ல வெயில் காலத்துக்கும் குளிர் காலத்துக்கும் வீட்டுக்குள்ள ஈரம் எவ்வளவு மாறும்?"

கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாமாவின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாகக் கணக்குப் போடுகிறேன்.

ஜூலையில் இங்கே வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் எளிதாகப் போகிறது. ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓட ஓட, காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் இல்லாத வீட்டில் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். உதடு வெடிப்பதும், கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்பதும் அந்த நாட்களில்தான். மரமும் அதே காற்றில்தான் இருக்கிறது. காற்றில் 50 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் நிற்கும். 20 சதவீதம் என்றால் நாலரைக்கு வந்துவிடும். ஆக, ஒவ்வொரு வருடமும் பலகை 4 சதவீதத்துக்கு மேல் ஈரத்தை விட்டு, திரும்பவும் குடிக்கிறது.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலத்தில்தான் மாறுகிறது. 5 அங்குல அகலமுள்ள வெள்ளை ஓக் பலகை, சாதாரண அறுப்பில், 4 சதவீத ஈரம் போனால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் சுருங்கும். மூன்றேகால் அங்குலப் பலகை என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆர வாக்கில், அதாவது அடிமரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி, அறுத்த பலகை இதில் பாதிதான் சுருங்கும், ஆனால் விலை கூடுதல். இப்போது எல்லாக் கடையிலும் 7 அங்குலப் பலகையைத்தான் முன்னால் வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். பிப்ரவரியில் இரண்டு பலகைக்கு நடுவில் தெரியப்போகும் கறுப்புக் கோட்டை யாரும் காட்டுவதில்லை.

ஹிக்கரியையும் இதே கணக்கில் போட்டேன். அத்தனை கெட்டியான மரம் ஓக்கைவிட அதிகமாக விரிந்து சுருங்குகிறது. கெட்டி வேறு, அடக்கம் வேறு. கணவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ஓக்" என்றார்.

செப்டம்பர் 20, சனி

தரை போடுபவர் வந்து கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கினார். அடியில் பிளைவுட், நல்ல நிலையில் இருக்கிறது. முக்கால் அங்குல முழு மரப் பலகையை அதன்மேல் ஆணியடித்தே போடலாம். தேய்ந்தால் பிற்காலத்தில் சில தடவை இழைத்துப் புதிதாக்கிக்கொள்ளவும் முடியும். பேஸ்மென்ட்டில் மட்டும் முழு மரம் கூடாது என்றார். அங்கே மண்ணுக்குக் கீழே கான்கிரீட், ஈரம் ஏறும். குறுக்கு நெடுக்காகப் பல அடுக்கு ஒட்டி, மேலே மெல்லிசாக ஓக் வைத்த எஞ்சினியர்ட் பலகைதான் அங்கே சரி.

பலகை போகும் திசை நம் விருப்பம் இல்லையாம். அடியில் ஓடும் உத்தரச் சட்டங்களுக்குக் குறுக்காகத்தான் போடவேண்டும். எங்கள் ஹாலில் அது ஜன்னல் வெளிச்சத்துக்கும் பொருந்தி வருகிறது. சுவரோரம் முக்கால் அங்குலம் இடைவெளி விட்டு அதைச் சட்டத்தால் மறைப்பார்கள். மரம் விரிய இடம் வேண்டுமே.

செப்டம்பர் 28, ஞாயிறு

சிவப்பா வெள்ளையா? சிவப்பு ஓக்கில் இளஞ்சிவப்புச் சாயல் உண்டு, துளைகள் திறந்தே இருக்கும். வெள்ளை ஓக்கின் துளைகளை மரமே அடைத்துக்கொள்கிறது. ஒயின் பீப்பாய் அதில் செய்வது அதனால்தான். பனிக்காலத்தில் சொட்டச் சொட்ட பூட்ஸோடு நுழையும் வீட்டுக்கு எனக்கு வெள்ளை ஓக்தான் படுகிறது. ஆனாலும் வாசற்படியை ஒட்டியும் சமையலறையிலும் டைல்ஸ்தான். தெருவில் தூவும் உப்பும், தாளிக்கும் எண்ணெயும் மரத்துக்கு வேண்டாம்.

சாம்பல் சாயம் பூசியதைக் கடைக்காரர் வற்புறுத்தினார். நல்ல மரத்தின் நிறத்தை மூடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. தொழிற்சாலையிலேயே அலுமினியம் ஆக்சைடு பூச்சு ஏற்றி வருவது சீக்கிரம் கீறல் விழாது, ஆனால் பூஜை மூலையில் எண்ணெயோ சூடான திரியோ பட்டு வடுவானால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம். மெழுகு எண்ணெய்ப் பூச்சு என்றால் அங்கே மட்டும் தேய்த்துத் திரும்பத் தடவிக்கொள்ளலாம். அவ்வப்போது பராமரிக்கவும் வேண்டும். பராமரிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 4, சனி

ஆர்டர் கொடுத்தாயிற்று. வெள்ளை ஓக், மூன்றேகால் அங்குலம், முழு மரம், மெழுகு எண்ணெய்ப் பூச்சு. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் கூடுதல். ஃபர்னஸோடு இணைக்கும் ஹியூமிடிஃபையரையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். குளிர்காலத்தில் காற்றை 35 சதவீதத்தில் வைத்திருக்க முடிந்தால் சுருக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

பெட்டிகள் வந்தவுடன் ஆணியடிக்கக் கூடாது என்று தரை போடுபவரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். பலகை இந்த வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்து, பிளைவுட்டின் ஈரத்துக்கும் ஓக்கின் ஈரத்துக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வந்த பிறகே முதல் ஆணி. மாமாவிடம் சொன்னபோது, "பெட்டியைப் பிரிச்சு, நடுவுல காத்து போற மாதிரி அடுக்கி வைம்மா" என்றார். பூச்சு கெடாமல் அப்படி அடுக்கலாமா என்று திங்கட்கிழமை கடையில் கேட்க வேண்டும்.