கழுவும் நீர் இருளும்வரை

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவரின் எலும்பு மஜ்ஜையில் பத்தாயிரம் செல்லுக்கு ஒரு புற்றுச்செல் மிஞ்சியிருந்தாலும் செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்காக, குறிப்பிட்ட செல்களைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதங்களான ஆன்டிபாடிகளில் ஒளிரும் பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறை, சேர்ப்பது என் வேலை.

ஃபுளோரசீன் போன்ற பழைய சாயங்கள் சின்ன மூலக்கூறுகள். ஓர் ஆன்டிபாடியில் அளவுக்கு மீறி ஏற்றினால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும். பாலிமர் கதை வேறு. மின்கடத்தும் பாலிமர்களுக்காக 2000இல் ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகாவா மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்ததே, அந்தக் குடும்பம். சங்கிலியின் எந்தக் கண்ணியில் ஒளி விழுந்தாலும் அந்த ஆற்றல் சங்கிலி நெடுக ஓடும். 405 நானோமீட்டர் ஊதா லேசர் பட்டதும் பிரில்லியன்ட் வயலட் 421 என்ற அந்த வகைப் பாலிமர் பளீரென்று நீலமாய் ஒளிர்வதை முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

இணைப்பதைவிட, இணையாமல் மிதக்கும் பாலிமரைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. சின்னச் சாயம் என்றால் அளவு வித்தியாசத்தை வைத்தே வடித்துவிடலாம். பாலிமரோ கிட்டத்தட்ட ஆன்டிபாடிக்கு ஈடான பருமன். அதனால் மின்னூட்டத்தை நம்புகிறோம். அமிலம் சற்றுக் கூடிய பஃபர் கரைசலில் ஆன்டிபாடி நேர்மின்னூட்டம் பெற்று, வடிகுழாயில் (column) நிரப்பிய எதிர்மின்னூட்ட ரெசின் மணிகளைப் பிடித்துக்கொள்ளும். மின்னூட்டமில்லாத பாலிமர் கழுவும் நீரோடு போய்விடும். பிறகு உப்பைக் கூட்டி ஆன்டிபாடியை இறக்குவோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கழுவலைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். யூவி விளக்கின் கீழ் ட்யூப் நீலமாய் ஜொலித்தது. இவ்வளவு பிரகாசமா என்று பூரித்துப்போனேன். திங்களன்று செல்களோடு கலந்து சைட்டோமீட்டரில் ஓட்டினால், வரைபடத்தில் ஒளிரவே கூடாத செல்களின் மேடு அதிக ஒளியைக் குறிக்கும் வலப்பக்கம் நகர்ந்து, ஒளிர வேண்டிய மேட்டோடு கிட்டத்தட்ட ஒட்டி நின்றது. தனியாய் மிதந்த பாலிமர் கண்ட செல்லிலும் போய் ஒட்டியிருந்தது. அந்தக் கலங்கலில் பத்தாயிரத்தில் ஒன்றை எங்கே தேடுவது? மறுபுறம் ஒரு நோயாளி ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பார் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அந்த பேட்சை முழுசாகக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை வடிகுழாயிலிருந்து சொட்டும் நீரை ஒவ்வொரு ட்யூபாகப் பிடித்து விளக்கின் கீழ் பார்த்தேன். நீலம், வெளிர்நீலம், சாயல். பதினோராவது ட்யூப் முழு இருட்டு. அதற்குப் பிறகுதான் உப்பு பஃபரை ஊற்றினேன்.