ஊரோரக் காட்டில் நடப்பவர்களுக்கு

மூன்று கிலோமீட்டர் காட்டுத்தடத்தை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, "உள்ளே ஒண்ணுமே இல்லை" என்பவர்கள்தான் அதிகம். அது நடைப்பயிற்சி. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் தாராளம். பழுத்த மரமோ தண்ணீர் தேங்கிய பள்ளமோ கண்ணில் பட்டால் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஆள் அரவம் கேட்டு அடங்கிய பறவைகள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுக்கத் தொடங்கும்.

விடிந்த அரை மணிக்குள் உள்ளே இருப்பது நல்லது. முகத்தில் சிலந்தி வலை ஒட்டினால் எரிச்சல் வேண்டாம், உங்களுக்கு முன் அந்த வழியில் யாரும் போகவில்லை என்று அர்த்தம்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் 10 மடங்காகும். சட்டைப்பைக்குள் அடங்கும் 10x25 மர நிழலில் இருட்டடிக்கும். வாங்கியதும் வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்வில்லையில் இருக்கும் வளையத்தை மட்டும் திருகுங்கள். பலர் அந்த வளையத்தைத் தொடுவதே இல்லை, தலைவலி வந்ததும் லென்ஸைக் குறை சொல்வார்கள். பறவையைக் கண்டால் அதிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்; குனிந்து கருவியைப் பார்த்தால் பறவை தொலைந்துபோகும்.

மழை பெய்த மறுநாள் ஈர மண்ணைப் பாருங்கள். ஊரோரக் காடுகளில் பீதியைக் கிளப்பும் கால்தடங்களில் நிறைய தெருநாயுடையவை. நாயின் தடம் நீள்வாக்கில், விரல் நுனிகளில் நகக்குறியோடு இருக்கும். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் தடம் வட்டமாக, பெரும்பாலும் நகக்குறியின்றிப் பதியும். உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று புடைப்பாகத் தெரியும்.

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது மோசமான பழக்கம். எதிரி நுழைந்துவிட்டதென்று கூட்டை விட்டுவிட்டு வந்து அலையும்.

வழி தவறுவது நடுக்காட்டைவிட இங்கேதான் சுலபம். ஆடுமாடு போட்ட ஒற்றையடிப் பாதைகள் அத்தனை. வாசலில் உள்ள வரைபடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதை பிரியும் இடங்களில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், வரும்போது அந்தக் கோணம்தான் தெரியும்.

விழுந்த மரத்தை ஒரே எட்டில் தாண்டாதீர்கள். மேலே ஏறி, அந்தப்புறம் பாம்பு இல்லையென்று பார்த்துவிட்டு இறங்குங்கள். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகினால் புல்லிலிருந்து ஏறும் உண்ணி தோலை எளிதில் எட்டாது. வீடு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெயோ நெருப்போ வேண்டாம். கூரிய இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தால் போதும்.