எடுத்து வைப்பதில் தொடங்கும் திருவிழா

விழாவுக்கு ஆயத்தமாவது என்றால் பொருள்களைச் சேர்ப்பது என்றே பழகிவிட்டோம். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்காக எழுதிய ஒழுங்கைப் பின்பற்றும் ஒரு துறவு மடத்தில், விருந்தினனாகப் புனித வாரத்தைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே ஈஸ்டர் எனும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கான ஆயத்தத்தில் பாதி, இருப்பதை அகற்றும் வேலையாகவே இருந்தது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலி முடிந்ததும் பீடத்தின் விரிப்புகளை மடித்து எடுத்தோம். மெழுகுதிரித் தண்டுகளை உள்ளே கொண்டுபோனோம். தீர்த்தத் தொட்டிகளில் இருந்த நீரை வெளியேற்றித் துடைத்து உலர வைத்தோம். அந்தத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் புகழ்ப் பாடலோடு ஒலித்து ஓய்ந்த மணிகள், சனி இரவில் அதே பாடல் மீண்டும் பாடப்படும்வரை வாய் திறப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் செபத்திற்கு அழைப்பது ஒரு மரப்பலகையின் ஓசைதான். மணியோசைக்கே பழகிய காது அதை அழைப்பாக ஏற்கச் சற்று நேரம் பிடிக்கிறது.

இந்த வேலைகளில் விருந்தினர்களையும் சேர்த்துக்கொண்டதுதான் எனக்கு வியப்பளித்தது. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவ்வொழுங்கின் 53-ஆம் அதிகாரம், வருகிற விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும் என்கிறது. அப்படியானால் விருந்தினரை உட்காரவைத்து உபசரிப்பதல்லவா முறை என்று தோன்றலாம். ஆனால் கையில் ஒரு துணியைக் கொடுத்து, 'இந்தத் தண்டுகளைத் துடைத்துத் தாருங்கள்' என்று சொல்லப்பட்டபோதுதான் நான் அந்த வீட்டைச் சேர்ந்தவனானேன். உபசரிக்கப்படுகிறவனுக்குக் கடைசிவரை ஓர் எல்லைக்கோடு இருக்கும். வேலை பங்கிடப்படும் இடத்தில் அந்தக் கோடு அழிந்துபோகிறது.

மடத்தின் பாத்திரங்களையும் உடைமைகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களாகவே கருதவேண்டும் என்று 31-ஆம் அதிகாரம் பொருள் காப்பாளருக்குக் கட்டளையிடுகிறது. இதைப் படிக்கிறபோது அழகான வாசகமாக மட்டுமே தெரியும். நற்கருணைக் கிண்ணத்தைத் துடைத்த அதே நிதானத்தோடு ஒரு முதிய துறவி சமையலறைத் தட்டுகளையும் துடைப்பதைப் பார்த்தபின், அந்த வாசகம் நடைமுறை விதியாகவே எனக்குத் தெரியத் தொடங்கியது. அவர் எதையும் விளக்கவில்லை. பொதுவாகவே அங்கே விளக்கங்கள் குறைவு. செய்கிறவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளவேண்டும்.

சனிக்கிழமை பிற்பகலில் எல்லாம் தலைகீழாக மாறியது. எடுத்து வைத்தவை அனைத்தும் இருட்டுவதற்குள் தத்தம் இடத்திற்குத் திரும்பவேண்டும். புதுத் தீக்கான விறகு, ஆள்தோறும் கொடுக்கவேண்டிய சிறு மெழுகுதிரிகள், வாசகர்களின் வரிசை என்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. உயிர்ப்பை எதிர்நோக்கி விழித்திருக்கும் வழிபாடான இரவுத் திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டு என ஒன்பது வாசகங்கள் உண்டு. இவற்றில் எதையும் சுருக்க அந்த மடத்தாருக்கு மனமில்லை. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதனை இரவுக்கு மீட்டுத் தரும்வரை இந்த வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. இருளில் ஏற்றப்படவேண்டிய தீயைப் பகல் வெளிச்சத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதை இன்று நினைத்துப் பார்ப்பதே கடினமாக இருக்கிறது.

எல்லாப் பொருள்களிலும் அதிகக் கவனம் பெற்றது, புதுத் தீயிலிருந்து ஏற்றப்படும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரி. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே அமையவேண்டிய இத்திரியில் சிலுவையும், அகரமும் னகரமுமாக நிற்கும் ஆல்பா, ஒமேகா எழுத்துகளும், நடப்பு ஆண்டின் நான்கு எண்களும் இடம்பெறுகின்றன; ஐந்து திருக்காயங்களை நினைவூட்டும் ஐந்து சாம்பிராணி மணிகளும் பதிக்கப்படுகின்றன. குத்தும்போது மெழுகு வெடித்துவிடக்கூடாது என்பதற்காக மணிகளுக்கான துளைகளை முன்கூட்டியே இட்டு வைத்திருந்தார் கோவில் பொறுப்பாளர். இந்தத் திரியின் அருகே நின்று பாடப்படும் பாஸ்கா புகழுரை, அதனை உருவாக்கிய தேனீக்களின் உழைப்பையும் பணியாளர்களின் கைகளையும் மறவாமல் குறிப்பிடுகிறது. அந்த மாலை முழுவதும் விரல்களில் மெழுகோடு இருந்தவர்களுக்கு அவ்வரி எப்படிக் கேட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உயிர்ப்புக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் மௌனமாக இருந்த அல்லேலூயா எனும் புகழொலி அந்த இரவில் திரும்பியது. உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி ஐம்பதாம் நாளான பெந்தக்கோஸ்தேவரை அதை இடைவிடாமல் பாடவேண்டும் என்கிறது 15-ஆம் அதிகாரம். ஆயினும் பெருவிழா என்பதற்காக மடத்தின் வாராந்தர முறை நின்றுவிடுவதில்லை. சமையலறைப் பணி முடிப்பவரும் தொடங்குபவரும் ஞாயிறன்று காலைப் புகழ் எனும் செபத்திற்குப் பின் அனைவர் முன்னும் பணிந்து செபம் கேட்கவேண்டும் என்பது 35-ஆம் அதிகாரம். உயிர்ப்பு ஞாயிறும் ஒரு ஞாயிறுதானே! எனவே இரவெல்லாம் விழித்திருந்த கண்களோடு ஒருவர் பொறுப்பை ஒப்படைத்தார், இன்னொருவர் ஏற்றுக்கொண்டார். எஞ்சிய நாங்கள் கோவில் தரையில் சிந்தியிருந்த மெழுகைச் சுரண்டக் கிளம்பினோம்.