பிடிமண் வாங்கிய ஆண்டு

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம், நாங்கள் மண்பாண்டம் செய்யும் வேளார். வீட்டுத் தொழில் தெரிந்திருந்தும் நான் புதுச்சேரிக்குச் சென்று, 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து அந்நகரில் வளர்ந்து வந்த, கல்போல் இறுகும்படி உயர் வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் மட்பாண்ட வேலையை ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டேன். காப்பிக் குவளையும் தட்டும்தான் இன்றும் எனக்குச் சோறு போடுகின்றன. அப்பாவின் கை தளர்ந்த ஆண்டில், ஐயனார் கோயிலுக்கு மண்குதிரை செய்து சுமந்து செல்லும் புரவியெடுப்புக்கான பிடிமண்ணை, அதாவது குதிரை செய்யும் பொறுப்பை ஒப்படைக்கும் ஒரு கைப்பிடி மண்ணை, ஊரார் என்னிடம் கொடுத்தார்கள்.

ஏறத்தாழ 1,280 டிகிரியில் சுட்டுப் பழகியவனுக்கு வைக்கோலும் விறகும் அடுக்கிய சூளை சற்று இளக்காரமாகத்தான் தெரிந்தது. புரவியின் நான்கு கால்களையும் குழாய்களாக எழுப்பி, அவை பாரம் தாங்குமளவு இறுகிய பிறகே வயிற்றைக் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் அடி பிதுங்கிவிடும். உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டும்போது எழும் ஓசையை வைத்தே அப்பா சுவரின் கனத்தைச் சொல்லிவிடுவார். இவற்றில் நான் தவறவில்லை. மேற்பரப்பு குவளையைப் போல வழவழப்பாக இருக்க வேண்டும் என்று உமியையும் மணலையும் குறைத்ததுதான் தவறு.

கழுத்தும் நெஞ்சும் சேரும் தடித்த இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்த அப்பா, "இன்னும் குளுமையா இருக்கு, ஈரம் போகலைடா" என்றார். புதுச்சேரியில் குவளை ஆர்டர் காத்திருந்த அவசரத்தில் நான் தீ மூட்டினேன். மூட்டம் பிடித்த சிறிது நேரத்தில் உள்ளே ஏதோ வெடித்தது. உமியும் மணலும் நிறைந்த மண்ணில் ஈரம் கசிந்து வெளியேற வழி இருக்கும். என் நெருக்கமான மண்ணில் அது ஆவியாகி, நெஞ்சுப் பகுதியைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை, உடைந்த ஓடுகளை இடித்துச் சலித்துப் புதிய மண்ணில் கலக்கச் சொன்னார். இரண்டாவது புரவியை நிழலிலேயே மூன்று வாரம் காயவைத்தேன். வெந்து வந்தபோது பின்னங்காலில் மயிரிழைபோல் ஒரு விரிசல் இருந்தது. குவளையில் இருந்திருந்தால் கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பார். சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, வண்ணம் தீட்டி, கண் திறந்தோம். தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றவர்கள் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.